சங்கிலிக்குச் சாட்சியா மரபணு?

2009ஆம் ஆண்டு இத்தாலியின் திரியெஸ்தே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கொலைக் குற்றவாளியின் தண்டனையில் ஓராண்டைக் கழித்தது. அவர் அல்ஜீரியாவிலிருந்து வந்து இத்தாலியில் குடியேறியவர். தான் கண்ணுக்கு மை தீட்டியிருந்ததைக் கேலி செய்தார் என்று சொல்லி, 2007இல் ஒருவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அவருக்கு மனநோய் இருந்ததை முதல் நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. அதற்காகத் தண்டனையைத் தணித்து, ஒன்பது ஆண்டு இரண்டு மாதம் என்று தீர்ப்பளித்திருந்தது. மேல்முறையீட்டில் புதிதாக வந்தது மரபணுப் பரிசோதனை அறிக்கை. மூர்க்கத்தோடு தொடர்புடையவை என்று சொல்லப்படும் ஐந்து மரபணுக்களில் அவருக்கு மாறுபாடுகள் இருக்கின்றன என்றது அது. அவற்றில் முக்கியமானது எம்ஏஓஏ என்ற மரபணுவின் வீரியம் குறைந்த வடிவம். சீண்டப்பட்டால் பொங்கி எழும் இயல்பு இவருக்குப் பிறப்பிலேயே இருக்கிறது என்று நீதிபதி கருதினார். ஒன்பது, எட்டானது.

இந்தத் தீர்ப்பைப் பற்றி லண்டனைச் சேர்ந்த மரபியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸ் ஒரு கேள்வி கேட்டார். கொலைகளில் பத்தில் ஒன்பதைச் செய்கிறவர்கள் ஒய் குரோமோசோம் உள்ளவர்கள், அதாவது ஆண்கள். அப்படியானால் ஆண்கள் எல்லோருக்கும் தண்டனையைக் குறைத்துவிடுவதா? தனக்கும் எம்ஏஓஏவின் வீரியம் குறைவுதான், அதற்காகத் தான் யாரையும் தாக்கிக்கொண்டு திரிவதில்லை என்றும் அவர் சொன்னார். மேற்கத்திய ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் அந்த வடிவம் இருக்கிறது.

அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டு நம் ஊரில் கேட்கிறேன். தெருவில் மனச்சிதைவு நோயாளி ஒருவர் இருந்தால், 'எப்ப என்ன செய்வானோ' என்று கதவைச் சாத்துகிறோம். 'அது அவங்க வம்சத்துலயே இருக்கு' என்று குடும்பத்தையே தள்ளிவைக்கிறோம். வன்முறைக்கும் பிறப்புக்கும் உள்ள தொடர்புகளில், எந்த நாட்டில் எண்ணிப் பார்த்தாலும் அசையாமல் நிற்பது ஆணாகப் பிறப்பதுதான். அதற்காக எந்த வீடாவது பிறந்த ஆண் குழந்தையைப் பார்த்து நடுங்கியதுண்டா? தெருவெல்லாம் சர்க்கரை கொடுக்கிறோம்.

ஆகவே நாம் அஞ்சுவது மரபணுவுக்கு அல்ல. ஏற்கெனவே ஒதுக்கிவைத்துவிட்ட மனிதரை மேலும் ஒதுக்கிவைப்பதற்கு மரபணுவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறோம். முன்ஜென்மப் பாவம், குலசாபம், செய்வினை என்று பாட்டிமார் சொன்ன அதே தீர்ப்பை ஆய்வகத்தின் சொற்களில் மறுபடி எழுதுகிறோம். சாமி கும்பிடாத, ஜோசியம் பார்க்காத நம் தோழர்களும் இதற்கு விலக்கல்ல. அவர்களை முன்னிறுத்தியே இதை எழுதுகிறேன்.

மரபணுவுக்கு உரிய இடத்தை முதலில் கொடுத்துவிடுவோம். நோயாளிகள் மீதுள்ள பரிவால் 'பரம்பரையெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் வளர்ப்புதான்' என்று பேசுகிற நல்லவர்கள் இருக்கிறார்கள். பரிவு சரி, செய்தி தவறு. இந்தத் தவறால் எத்தனையோ தாய்மார்கள் 'நான்தான் சரியாக வளர்க்கவில்லை' என்ற குற்றவுணர்வில் வெந்திருக்கிறார்கள். மனச்சிதைவு சிலருக்கு வருவதற்கும் சிலருக்கு வராமல் போவதற்கும் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபுவழிக் காரணங்களைச் சார்ந்தது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியிருந்தும், ஒரே மரபணுத் தொகுப்போடு பிறந்த ஒத்த இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்குப் பாதிகூட இல்லை.

'மனச்சிதைவு மரபணு' என்று ஒன்றும் கிடையாது. 2014இல் வந்த பெரிய ஆய்வு, மரபணுத் தொகுப்பில் 108 இடங்களை இந்நோயோடு தொடர்புபடுத்தியது. 2022இல் அது 287 இடங்களானது. ஒவ்வோர் இடத்தின் செல்வாக்கும் மிகச் சிறியது. அந்த மாறுபாடுகளில் பெரும்பாலானவை நம் எல்லோரிடமும் பரவிக் கிடக்கின்றன. சிலரிடம் அதிகம் சேர்கின்றன, சிலரிடம் குறைவு. அவர்கள் ரத்தம் வேறு, நம் ரத்தம் வேறு என்று கோடு கிழிக்க இதில் இடமே இல்லை.

நோயைத் தாண்டி, நோயாளியின் ஆக்ரோஷத்துக்கே மரபணு தேடியவர்கள் அதிகமாகத் தோண்டியது 22ஆம் குரோமோசோமில் உள்ள சிஓஎம்டி என்ற மரபணுவை. மூளையில், குறிப்பாக நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியில், டோபமின் என்ற வேதிப்பொருளைச் சிதைத்து அப்புறப்படுத்தும் நொதியை உண்டாக்குவது இது. அந்த நொதி அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். அதில் 158ஆம் இடத்தில் சிலருக்கு வேலின் இருக்கும், சிலருக்கு மெத்தியோனின். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் வரும் வித்தியாசம் இது. மெத்தியோனின் இருந்தால் நொதியின் வேகம் மூன்றில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ குறைகிறது, டோபமின் கூடுதல் நேரம் தங்குகிறது. மெத்தியோனின் வடிவம் உள்ள நோயாளிகளிடம் வன்முறை அதிகம் என்று 1990களின் பிற்பகுதியில் சில சிறிய ஆய்வுகள் சொல்லின. அடுத்து வந்தவற்றில் சில ஆமோதித்தன, சில மறுத்தன. 2012இல் 15 ஆய்வுகளை, 2,370 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். மெத்தியோனின் வடிவம் ஒரு பிரதியாவது உள்ள ஆண்களிடம் வன்முறைக்கான வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. பெண்களிடம் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை.

ஒன்றரை மடங்கு என்பது எவ்வளவு? கணக்குக்காக, அந்த வடிவம் இல்லாத நூறு ஆண் நோயாளிகளில் ஆறு பேர் வன்முறையில் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வடிவம் உள்ள நூறு பேரில் எட்டு அல்லது ஒன்பது பேர் இறங்குவார்கள். மீதி தொண்ணூற்றுச் சொச்சம் பேரும் அதே எழுத்தைச் சுமந்துகொண்டு யார் மீதும் கை வைக்காமல் வாழ்ந்துவிட்டுப் போவார்கள். இந்த எழுத்தை வைத்து ஒரு மனிதரைப் பூட்டினால், ஒரு குற்றத்தைத் தடுப்பதற்குப் பத்துக்கும் மேற்பட்ட நிரபராதிகளைப் பூட்ட வேண்டும். அதுவும் இது நோயாளிகளிடம் மட்டும் உள்ள அபூர்வ எழுத்தல்ல. ஐரோப்பிய வம்சாவளியினரில் நான்கில் ஒருவருக்குத் தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதியுமே மெத்தியோனின்தான். அந்த எழுத்து உங்களிடம் இருக்கலாம், என்னிடமும் இருக்கலாம்.

இப்படி ஒரு தவறு ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1965இல் ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் பாதுகாப்பு மனநல மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த ஆண்களைப் பரிசோதித்தபோது, கூடுதலாக ஓர் ஒய் குரோமோசோம் உள்ளவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் இருந்தார்கள். 'குற்றவாளிக் குரோமோசோம்' என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. மறு ஆண்டு சிகாகோவில் எட்டு மாணவச் செவிலியர்களைக் கொன்ற ரிச்சர்ட் ஸ்பெக்குக்கும் அதுதான் என்று செய்தி வந்தது. பரிசோதனையில் அவருடைய குரோமோசோம்கள் சாதாரணமாகவே இருந்தன. அடைத்துவைத்தவர்களை விட்டு வெளியே தேடிப் பார்த்தது 1976இல் வெளியான டென்மார்க் ஆய்வு. உயரமான ஆண்கள் 4,139 பேரைப் பரிசோதித்ததில் அந்த அமைப்பு உள்ளவர்கள் 12 பேர் கிடைத்தார்கள். அவர்களில் சட்டத்தில் சிக்கியவர்களின் குற்றங்கள் பெரும்பாலும் வன்முறையற்றவை. சிறைக்குள் மட்டும் தேடுகிறவருக்குச் சிறையில் இருப்பவைதான் கிடைக்கும். மனநோயாளிகளைப் பற்றிய நம் அறிவும் இப்படித்தான் சேர்ந்திருக்கிறது. கத்தியோடு நின்ற ஒருவரைப் பற்றிய செய்தி வருகிறது. ஜவுளிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டு, இரவில் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு இருபது வருடம் வேலை பார்த்தவரைப் பற்றிச் செய்தி வருவதில்லை.

இதைச் சொல்லிவிட்டு, வன்முறையே இல்லை என்று நான் நடிக்கமாட்டேன். இருக்கிறது. அதன் அடிகளை அதிகம் வாங்குவது தெருக்காரர்கள் அல்ல, வீட்டில் இருப்பவர்கள்.

இப்படிப்பட்ட வீடுகள் நம் ஊர்களில் உண்டு. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அம்மா அரிவாள்மணையைப் பழைய சேலையில் சுற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைக்கிறார். தேங்காய் வெட்டும் கொடுவாள் எப்போதோ பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. மகன் மாத்திரையை விழுங்குவதில்லை. நாக்குக்கு அடியில் ஒதுக்கிக் கொல்லையில் போய்த் துப்புகிறான். அதனால் பொடித்து ரசத்தில் கலக்கிறார். ஒரு வாய் வைத்ததும் கசப்பு தெரிகிறது. 'சோத்துல விஷம் வச்சுட்டாங்க' என்று அவன் பல நாளாகக் கத்திக்கொண்டிருந்ததற்கு இப்போது சான்று கிடைத்துவிட்டது. தட்டு பறக்கிறது, கை ஓங்குகிறது. கேட்டால் அக்கம்பக்கத்தில் 'முத்திப்போச்சு' என்பார்கள். அந்த அறையில் நடந்ததில் எவ்வளவு மரபணு, எவ்வளவு நோய், எவ்வளவு பயம், மருந்தை எப்படிக் கொடுப்பது என்று அந்த அம்மாவுக்குச் சொல்லித் தர யாரும் இல்லாதது எவ்வளவு? அவருக்கு அந்தப் பகுப்பாய்வுக்கு நேரமில்லை. நமக்கு இருக்கிறது, நாம் செய்ய வேண்டும்.

ஸ்வீடனில் செய்தார்கள். அங்கே மருத்துவமனைப் பதிவும் நீதிமன்றப் பதிவும் ஒரே அடையாள எண்ணில் இணைகின்றன. சீனா ஃபசேல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு, மனச்சிதைவு உள்ள 8,003 பேரைப் பொதுமக்களோடு ஒப்பிட்டது. வன்முறைக் குற்றத்தில் ஒருமுறையாவது தண்டிக்கப்பட்டவர்கள் பொதுமக்களில் 5.3 விழுக்காடு, நோயாளிகளில் 13.2. இங்கேயே நிறுத்திக்கொண்டால் பயம் நியாயமாகிவிடும். அவர்கள் நிறுத்தவில்லை. நோயாளிகளைக் குடி, போதைப் பழக்கம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று பிரித்தார்கள். இல்லாதவர்களில் 8.5 விழுக்காடு, உள்ளவர்களில் 27.6.

அடுத்ததாக அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. போதைப் பழக்கம் உள்ள நோயாளிகளை, நோய் இல்லாத அவர்களுடைய சொந்தச் சகோதர சகோதரிகளோடு ஒப்பிட்டார்கள். உடன்பிறப்பு உள்ள இந்த நோயாளிகளில் 28.3. நோயே இல்லாத உடன்பிறப்புகளில் 17.9. பொதுமக்களின் அளவைவிட இது மூன்று மடங்குக்கும் மேல். குரல் கேட்காத, சந்தேகம் பிடிக்காத, மாத்திரை எதுவும் தேவைப்படாத அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளின் கணக்கு இது. நோயின் தலையில் நாம் கட்டிய வன்முறையில் பெரும்பங்கு நோயினுடையதே அல்ல. அது குடும்பத்தில் பொதுவாக ஓடுவது. அதில் மரபணுவும் இருக்கலாம், அடிதடியில் கழிந்த பிள்ளைப் பருவமும் இருக்கலாம், வறுமையும் இருக்கலாம், இவை ஒன்றையொன்று பின்னிக்கொண்டும் இருக்கலாம். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, 2002இல் அப்படி ஒரு பின்னலைக் காட்டியது. எம்ஏஓஏ வீரியம் குறைந்த ஆண்களில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள்தான் வளர்ந்தபின் அதிகம் வன்முறையில் இறங்கினார்கள். அதே வடிவம் இருந்தும் அடிபடாமல் வளர்ந்தவர்களிடம் அது காணப்படவில்லை.

8.5க்கும் 27.6க்கும் நடுவில் நிற்பது குடியும் போதையும். சிஓஎம்டியின் ஒன்றரை மடங்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோடிக்கணக்கில் செலவழித்து ஆய்வகங்கள் தேடிக்கொண்டிருக்கும் மரபணு எதற்கும் இந்த அளவு செல்வாக்கு கிடையாது. தமிழ்நாட்டில் மது பாட்டிலைச் சில்லறையில் விற்பது 2003இலிருந்து அரசாங்கமே. மனநோயாளியைக் கண்டு ஊர் ஒதுங்குகிறது. அதே ஊரில் மாலை ஆறு மணிக்கு டாஸ்மாக் வாசலில் நிற்கும் கூட்டத்தைக் கடந்து பெண்கள் வேலைவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இந்த இரண்டு பயங்களில் எதற்கு ஆதாரம் அதிகம்? புள்ளிவிவரத்தில் அந்தக் கூட்டமே அபாயமானது. ஆனால் அதில் நம் மாமா, நம் சித்தப்பா, நம் மேலதிகாரி, நம் தோழர் நிற்கிறார்கள். அதனால் அங்கே யாரும் சங்கிலி எடுப்பதில்லை.

சிகிச்சையின் கணக்கையும் சேர்த்துக்கொள்வோம். பல நாடுகளின் கொலை வழக்குகளைத் தொகுத்து ஓலவ் நீல்சன், மேத்யூ லார்ஜ் என்ற இரு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். மனம் பேதலித்த நிலையில் நடந்த கொலைகளில் பத்தில் நான்கு, அந்த மனிதர் வாழ்நாளில் முதல்முறையாகச் சிகிச்சை பெறுவதற்கு முன்பே நடந்தவை. முதல்முறை நோய் கண்டவர்களில் சிகிச்சைக்கு முன் கொலை செய்தவர் 629 பேருக்கு ஒருவர். சிகிச்சை கிடைத்தபின் ஆண்டுக்கு 9,090 பேருக்கு ஒருவர். இந்தியாவில் கடுமையான மனநோய் உள்ளவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சிகிச்சையே எட்டவில்லை என்று 2015–16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொன்னது. முக்கால்வாசிப் பேரைச் சிகிச்சைக்கு வெளியே விட்டுவிட்டு, அவர்களில் ஒருவர் கை ஓங்கினால் 'ரத்தத்துல ஊறினது' என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

சிகிச்சைக்குப் பதிலாக நாம் கொடுத்தது என்ன என்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்துத் தர்கா ஊரான அங்கே ஒரு கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்த நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். 'ஓடிப்போவாங்க, யாரையாவது அடிப்பாங்க' என்பதே சங்கிலிக்குச் சொல்லப்பட்ட காரணம். உடல் ரீதியாக அன்று வன்முறைக்கு ஆளானவர்கள் யார், ஆளாக்கியவர்கள் யார்? கடுமையான மனநோய் உள்ளவர்கள் வன்முறைக்குப் பலியாவது பொதுமக்களைவிடப் பல மடங்கு அதிகம் என்று சிகாகோவில் நடந்த ஆய்வு 2005இல் காட்டியது. நமக்கு அதைக் காட்ட ஆய்வே தேவைப்படவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. சிகிச்சை என்ற பெயரில் கருத்தடை செய்வதையும் அதே பிரிவு தடைசெய்கிறது.

கருத்தடையை அங்கே ஏன் சேர்த்தார்கள் என்று புரிய ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். 1933 ஜூலையில் நாஜி அரசு கொண்டுவந்த சட்டத்தின் நோய்ப் பட்டியலில் மனச்சிதைவும் ஒன்று. அந்தச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்குக் கட்டாயக் கருத்தடை நடந்தது. 1940–41இல் சுமார் எழுபதாயிரம் நோயாளிகளையும் ஊனமுற்றோரையும் நச்சுவாயு அறைகளில் கொன்றார்கள். அதற்கு அறிவியல் முகம் கொடுத்தவர்களில் எர்ன்ஸ்ட் ரூடின் என்ற மனநல மருத்துவர் முதல்வரிசையில் இருந்தவர். மனச்சிதைவின் பரம்பரையை முறையாக ஆராயத் தொடங்கியவர்களில் ஒருவரும் அவரே. அத்தனை கொடூரத்துக்குப் பிறகும் அடுத்த தலைமுறை ஜெர்மானியர்களிடம் அந்த நோய் அற்றுப்போகவில்லை. நூற்றுக்கணக்கான இடங்களில், எல்லோருடைய உடம்பிலும் சிதறிக் கிடப்பதைச் சிலரைக் கொன்று அகற்ற முடியாது. அறமாகவும் அறிவியலாகவும் அது ஒரே சமயத்தில் பொய்த்தது.

நாம் வாயு அறை கட்டவில்லை. கல்யாணப் பேச்சில் செய்கிறோம். சாதி பார்க்காத, ஜாதகம் பார்க்காத வீடு. எல்லாம் பேசி முடிந்த பிறகு, பெண்ணின் அண்ணன் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் மருந்து வாங்குகிறார் என்று தெரிகிறது. 'எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க, ஆனா பொறக்கப்போற பிள்ளைங்க...' என்று இழுத்து, பேச்சு நின்றுவிடுகிறது. அறிவியலாகவே பேசுவோம். பிறக்கப்போகும் அந்தக் குழந்தைக்கு அந்த அண்ணன் தாய்மாமன். தாய்மாமனுக்கு மனச்சிதைவு இருந்தால் மருமகப் பிள்ளைக்கு அது வரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று, நான்கு. யாருக்குமே நோய் இல்லாத குடும்பத்தில் நூற்றுக்கு ஒன்று. அந்த இரண்டு மூன்று விழுக்காட்டுக்காக ஒரு பெண்ணை நிராகரிக்கிறார்கள். தமிழ்நாட்டில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் சொந்தத்துக்குள் நடப்பவை. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் பிள்ளைகளுக்குப் பல பிறவி நோய்களின் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர்கள் தொண்டை வறளச் சொல்கிறார்கள். அக்காள் மகளைக் கட்டும்போது வராத மரபணுப் பயம், மாத்திரை சாப்பிடும் அண்ணனைக் கண்டால் வருகிறது. சொத்து வெளியே போகாது என்றால் மரபணுவைப் பொறுத்துக்கொள்கிறோம். ஒரு மனிதரைப் பார்க்க நமக்குக் கூச்சமாக இருந்தால் அதே மரபணுவை எழுப்பிக் கூப்பிடுகிறோம்.

பகுத்தறிவு பேசும் வீடுகளில் அடுத்த முறை அப்படியொரு பேச்சு வரும்போது, அண்ணனைப் பற்றிக் கேளுங்கள். தாராளமாகக் கேளுங்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, யார் வாங்கித் தருகிறார்கள், அம்மா அப்பா காலத்துக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள், கல்யாணம் ஆனபின்னும் தங்கை அதற்குத் தோள் கொடுக்க உங்கள் வீடு ஒப்புக்கொள்கிறதா என்று கேளுங்கள். மாப்பிள்ளை குடிப்பாரா, கோபம் வந்தால் கை நீட்டுவாரா, அவருடைய அப்பா வீட்டில் அம்மாவை அடித்ததுண்டா என்பதையும் அதே கூடத்தில், அதே குரலில், பெண் வீட்டார் காதுபடக் கேளுங்கள்.